இரண்டு அடுக்களைக்கு நடுவே ஓடிய வயர்

அக்கா,

இதை எழுதும் மேசையின் மேல் உங்கள் சிவப்பு பல்பு கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுக்களைச் சுவரிலிருந்து கழற்றினோம். இத்தனை வருஷம் கழித்தும் அதில் பெருங்காய வாசனை போகவில்லை. உங்கள் கொழுந்தனார் பார்த்தால் கிண்டல் செய்வார் என்று தெரிந்தும் எடுத்து எடுத்து முகர்ந்து பார்க்கிறேன்.

பல்பு வெளியே வந்துவிட்டது என்றால் மற்றதும் வெளியே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். "சுவத்துக்குள்ள இருக்கது சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். அதை மீறிவிட்டேன். மீறியதில் எனக்கு வருத்தம் துளிக்கூட இல்லை. முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் மீனாவும் மாப்பிள்ளை அனிர்பனும் மாடி வீட்டை விட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் நியூ டவுனுக்குக் குடிபோவதாக இருந்தார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மீனாவுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ். இன்டர்நெட் இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. கீழே எங்கள் வீட்டுக்குப் பின் சந்து வழியாக வரும் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மாடிக்குத்தான் போய்ச் சேரவில்லை. மாமனார் வாங்கிய இந்த பவானிபூர் வீட்டின் சுவர் ஒரு முழத்துக்கும் மேல் கனம், தளத்தில் இரும்பு உத்தரம், சுண்ணாம்பு. வைஃபை என்ன, கொசுவே யோசித்துத்தான் மேலே போகும். மாடிக்கென்று முன்பக்கத் தெரு வழியாகத் தனி இணைப்பு வாங்கினார்கள். வருஷா வருஷம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர்கள் அந்த வயரை அறுத்துவிடுவார்கள். பந்தலைப் பிரித்த பிறகுதான் சரிசெய்ய முடியும் என்று கம்பெனி ஆள் சொல்லுவான். தரையைத் துளைத்து வயர் ஏற்றலாம் என்றால், அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்புத் தரையில் டிரில் வைக்க விடமாட்டேன் என்று உங்கள் கொழுந்தனார் நின்றார்.

போன வருஷம் ஒரு பெரிய மீட்டிங் நடுவே மீனா பேசப் பேச அவள் படம் உறைந்து நின்றுவிட்டதாம். அழுதுகொண்டே கீழே வந்தாள். இந்த வருஷம் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்குவதற்குள் நியூ டவுனில் ஒரு ஃபிளாட்டைப் பார்த்துவிட்டார்கள். பதினோராவது மாடி. திங்கட்கிழமை வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது.

என் மகன் பெங்களூரில். நீங்களும் அத்தானும் போய்விட்டீர்கள். மீனாவும் போனால் இந்தப் பெரிய வீட்டில் நானும் உங்கள் கொழுந்தனாரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவள் எங்களைக் கேட்டபோது சிரித்த முகத்தோடு "நல்லா இரும்மா, பெரிய வீடா பாரு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் ஒரு கிலோ பட்டாணியை உரித்தேன். அப்போதுதான் எதிரே இருந்த அந்தச் சுவர் கண்ணில் பட்டது.

நம் சுவர்.

அனிர்பனிடம் பிறகு முழுக் கதையையும் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. வீட்டுக்கு ஒரே ஒரு போன் என்பதும், அதற்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துவார்கள் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே புரியும்? மாமனார் பெயரில் வந்த போன் கீழ்க்கூடத்தில் இருந்தது. அவர் காலமானதும் அத்தான், மூத்தவன் நான், போன் மேலேதான் வரவேண்டும் என்றார். உங்கள் கொழுந்தனாரோ, வரிசையில் நின்று வாங்கினவன் நான், அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார். முற்றத்தில் நின்று இருவரும் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு முகர்ஜி மாஷிமா ஜன்னலையே சாத்திவிட்டார். கடைசியில் இவர், இனிமேல் நம் வீட்டிலிருந்து மேலே யாரும் போகக் கூடாது என்றார். அவர், மேலேயிருந்து கீழே யாரும் இறங்கக் கூடாது என்றார். "கீழ எறங்காம நீங்க எப்படி ஆபீஸுக்குப் போவிய?" என்று நீங்கள் கேட்டீர்களாம். அதற்கு அத்தான் மூன்று நாள் உங்களோடும் பேசவில்லை.

ஆண்கள் இருவரும் வீம்பில் பிடிவாதமாக இருந்தார்கள். நாம் இருவரும்தான் தவித்துப்போனோம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து, பெங்காலி ஒரு வார்த்தை தெரியாமல் இந்த வீட்டில் விழித்துக்கொண்டு நின்றவளுக்கு லேக் மார்க்கெட்டில் தேங்காய் பொறுக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். எனக்கு வாய்த்தது நீங்கள். அந்த உங்களை மாடிப்படியில் பார்த்தும் பார்க்காத மாதிரி போக வேண்டும் என்றால் எப்படி முடியும்?

நல்லவேளையாக அந்த மழைக்காலத்தில் அடுக்களைச் சுவரில் உப்புப் பூத்து, மேலும் கீழும் பூச்சு உதிர்ந்தது. ஒரே குழாய், ஒரே ஈரம், ஒரே சுவர். கொத்தவும் பூசவும் வயர் இழுக்கவும் எல்லாவற்றுக்கும் நம் தெருவில் இருந்தது நிமாய்தா ஒருவர்தான். அவர் பூச்சைக் கொத்தி எடுத்த அன்று நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்களோ, மறுநாள் ஏதோ ஆபீஸ் வேலையில் மிஞ்சின கேபிளோடும், சாந்தினி பஜாரில் வாங்கின இரண்டு இண்டர்காம் ரிசீவரோடும் வந்து நின்றார். மணி அடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று மணியைக் கழற்றச் சொல்லி, இரண்டு அடுக்களையிலும் ஆளுக்கொரு சிவப்பு பல்பும், அடுத்தவர் பல்பை எரிய வைக்க ஒரு சுவிட்சும் வைக்கச் சொன்னது உங்கள் மூளை. பேச்சுக்கு ஒரு ஜோடி வயர், உங்கள் பல்புக்கு ஒரு ஜோடி, என் பல்புக்கு ஒரு ஜோடி. கேபிளுக்குள் நாலு ஜோடி இருந்தது. மிச்சம் இருந்த ஒன்று எதற்கு என்று கேட்டேன். "தாக் நா பௌதி, காஜே லாக்பே" என்றார் நிமாய்தா. இருக்கட்டும் அண்ணி, உதவும் என்று. நாலு டார்ச் செல் போடும் பெட்டியைக் கீழே என் அரிசி டிரம்முக்குப் பின்னால் பதித்துவிட்டு, பூசி மெழுகிவிட்டுப் போனார்.

முதல் நாள் பல்பு எரிந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து முதல் வார்த்தை, "ஏட்டி, கையத் தொடச்சியா?" ஈரக்கையோடு எடுத்தால் ஷாக் அடித்துவிடும் என்று உங்களுக்குப் பயம். நாலு டார்ச் செல்லில் என்ன ஷாக் அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் எத்தனை முறை விளக்கினாலும் கேட்டதில்லை. ஆறேழு வருஷமும் அதுதான் முதல் வார்த்தை. நலம் விசாரிப்பு எல்லாம் அப்புறம்தான்.

என்னென்ன பேசினோம் அக்கா. போஸ்தோவுக்குக் கசகசா அரைக்கிற பக்குவம் பேசினோம். மீனாவின் பல் விழுந்தது பேசினோம். அத்தான் தூக்கத்தில் இவர் பெயரைச் சொன்னதை நீங்கள் சொன்னீர்கள். இவர் மாடிப்படியில் அத்தானின் இருமல் கேட்டு நின்றதை நான் சொன்னேன். மேலே சொதி என்றால் கீழேயும் சொதி வைத்தோம். "என்ன, இன்னைக்கும் மேலயும் அதே வாசம் வருது" என்று இவர் சொல்லும்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்ப்பேன்.

மாமனாரின் திவசம் நினைவிருக்கிறதா? ஒரே அப்பாவுக்கு, ஒரே நாளில், மாடியில் ஒரு திவசம், கீழே ஒரு திவசம். இருவருமே தனித்தனியாக ஒரே ஐயரிடம் போய், காலையில் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? பல்பு மாற்றி மாற்றி எரிந்தது. கடைசியில் மேலே சீக்கிரம், கீழே கொஞ்சம் தாமதம் என்று நாம் முடிவு செய்து, நான் இவரிடம் அரிசி ஊற நேரமாகும் என்று பொய் சொன்னேன். ஐயர் மேலே சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தார். அதே வாழைக்காய்க் கறி, அதே பிரண்டைத் துவையல், அதே பாயசம். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாம் முறையும் சாப்பிட்டார். அன்று மத்தியானம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

நாம் மாட்டிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு தடவைதான். உங்கள் அடுக்களையில் முருகன் காலண்டர் மாட்ட அத்தான் அடித்த ஆணி நேரே கேபிளில் இறங்கிவிட்டது. ஒரு வாரம் போன் செத்துக் கிடந்தது. குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி நிமாய்தாவை வரவழைத்து, ஆணிக்குப் பின்னால் அறுந்த வயர்களை முறுக்கி ஒட்டவைத்தீர்கள்.

அப்புறம் ஒரு அஷ்டமி அன்று தெரு கிளப்பில் பிரசாத கிச்சடிப் பாத்திரத்தின் இரண்டு காதையும், யார் எவர் என்று பாராமல், அண்ணன் தம்பி இருவர் கையிலும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கொதிக்கிற பாத்திரம். கீழே வைக்கவும் முடியாது. "பைய, பைய, சரியுது" என்றார் அத்தான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அன்று மாலை நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். அதன் பிறகு பல்புக்கு வேலை குறைந்தது. ஒருநாள் இரண்டு ரிசீவரையும் கழற்றிப் பரணில் போட்டோம். நீங்கள் சத்தியம் வாங்கியது அன்றுதான். வீம்பாக இருந்த ஆண்கள், நாம் ஏமாற்றினோம் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போவார்கள் என்றீர்கள். சரி என்றேன்.

போன வருஷம் உங்கள் காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அரிசி டிரம்மை நகர்த்தி அந்தப் பழைய சுவிட்சை ஒரு தடவை அழுத்தினேன். மேலே பல்பு எரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அழுத்த வேண்டும் போல இருந்தது.

ஆகவே, போன ஞாயிற்றுக்கிழமை. உங்கள் கொழுந்தனார் ஜதுபாபு பஜாருக்குப் போனால் மீன் கடை, காய்கறிக் கடை என்று ஒவ்வொன்றிலும் நின்று அரசியல் பேசிவிட்டு வருவார். சைவப்பிள்ளைக்கு மீன் கடையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், பேச ஆள் இருக்கிறார்கள். அவர் தலை மறைந்ததும் மீனாவையும் அனிர்பனையும் கூப்பிட்டேன். கீழ் அடுக்களையிலிருந்து மேல் அடுக்களைக்குச் சுவருக்குள் ஒரு கேபிள் போகிறது, எட்டு வயர், அது உங்களுக்கு ஆகுமா என்று கேட்டேன். அனிர்பன் என்னை ஒருமாதிரி பார்த்தான். மீனா அவனைவிட.

"எட்டா, காக்கிமா?" என்றான். "எட்டு இருந்தா போதும்."

டிரம்மை நகர்த்தினோம். பெட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவன், செல் எல்லாவற்றையும் யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள், நல்லவேளை என்றான். உள்ளேயே விட்டிருந்தால் இத்தனை வருஷத்தில் கசிந்து வயரை எல்லாம் தின்றிருக்குமாம். யார் எடுத்தது என்று என்னைக் கேட்டான். நிமாய்தாவாக இருக்கும் என்றேன். அக்கா, உண்மையில் எனக்கு அன்றுவரை அதைப் பற்றி யோசனையே வந்ததில்லை. அத்தனை வருஷமும் ஒருநாள்கூட செல் தீர்ந்து பேச்சு நின்றதில்லை. நிமாய்தா வந்து போகும்போது உங்கள் சொல்படி மாற்றுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். பெட்டி என் வீட்டில் இருந்ததால் நான் மாற்றுகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

மேலே உங்கள் மசாலா அலமாரியை நகர்த்தினோம். சுண்ணாம்புக்குள் பாதி புதைந்து இந்த பல்பு. மீனா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பிள்ளையில் அம்மா இந்த அலமாரியோடு ரகசியமாகப் பேசுவதைப் பார்த்திருக்கிறாளாம். கேட்டதற்கு மந்திரம் சொல்கிறேன் என்றீர்களாம். "அம்மாவுக்கு ரொம்ப பக்தின்னு நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன் சித்தி" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அனிர்பன் இரண்டு முனையிலும் புது சாக்கெட் பொருத்தி, எட்டு விளக்கு வரிசையாக எரியும் ஒரு சோதனைப் பெட்டியை மாட்டினான். ஒன்று எரிந்தது. இரண்டு எரிந்தது. மூன்று. அதோடு சரி. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நடுவே எங்கோ அறுந்திருக்கிறது, சுவர் முழுதும் கொத்தாமல் கண்டுபிடிக்க முடியாது என்று உதட்டைப் பிதுக்கினான். மீனா எழுந்து, "பரவால்ல சித்தி, முயற்சி பண்ணுனதே பெரிசு" என்றாள். அந்தக் குரலில் பதினோராவது மாடி கேட்டது.

சுவருக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். காலண்டரும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனால் உங்கள் அடுக்களை எனக்குத் தெரியாதா? அடுப்பின் முன் நீங்கள் நிற்கிற மாதிரி நின்றேன். கிருத்திகை என்றைக்கு என்று பார்க்க நீங்கள் எப்படித் தலையைத் திருப்புவீர்களோ அப்படித் திருப்பினேன். திரும்பின கண் எங்கே நின்றதோ அங்கே விரலை வைத்து, இங்கே கொத்து என்றேன். இரண்டாவது தட்டில் பூச்சு விழுந்தது. உள்ளே நிமாய்தா முறுக்கிய முடிச்சு, கறுத்து, பச்சை பூத்துக் கிடந்தது.

அதை வெட்டி எறிந்துவிட்டு, கேபிளை அந்த இடத்தோடு முடித்து, முருகன் இருந்த இடத்திலேயே புது சாக்கெட்டை வைத்தான் அனிர்பன். மறுபடி சோதனைப் பெட்டி. வகுப்பில் எண்ணச் சொல்கிற மாதிரி நான் வாய்விட்டு எண்ணினேன். நாலு. ஐந்து. ஆறு. ஏழும் எட்டும் அந்தச் சும்மா கிடந்த ஜோடி. இதுவரை யாரும் எதற்கும் தொடாத வயர். அதுவும் எரிந்தது. நாலு ஜோடியும் இருந்தால்தான் முழு வேகம் கிடைக்குமாம். நிமாய்தா சொன்னது சரிதான் அக்கா, உதவியது.

கீழே வந்து இணைப்பைக் கொடுத்தோம். மேலேயிருந்து மீனா என் போனில் வீடியோவில் வந்தாள். கலங்காமல் தெளிவாக முகம். "சித்தி, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அந்த நேரம் பார்த்து என் பின்னால் அடுக்களை வாசலில் காய்கறிப் பையோடு உங்கள் கொழுந்தனார் நிற்கிறார். நகர்த்திய டிரம், திறந்த பெட்டி, சுண்ணாம்பு, எல்லாவற்றையும் பார்க்கிறார். அனிர்பன்தான் வெகுளியாக, இதில் இருந்த செல்லை யாரோ எடுத்திருக்கிறார்கள் காக்கு, அதனால்தான் வயர் பிழைத்தது என்று பெங்காலியில் சொன்னான்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் தமிழில், என்னைப் பார்த்து. "போட்டதும் நான்தான்."

நான் என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. மேலே யாரும் போகக் கூடாது என்று சொன்னவர் நீங்கள்தானே என்று ஏதோ உளறினேன்.

"மேல போகக் கூடாதுன்னுதான் சொன்னேன். பேசக் கூடாதுன்னா சொன்னேன்?"

பையிலிருந்து கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னார். "அண்ணன் எப்படி இருக்காவன்னு நான் யார்கிட்ட போய்க் கேக்க? நீ இங்க நின்னு சிரிச்சா, மேல எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அந்தச் சிரிப்பு நின்னுரக் கூடாதுன்னுதான் செல்ல மாத்திக்கிட்டே இருந்தேன்."

போனில் மீனா இன்னும் இணைப்பில் இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். அனிர்பனுக்கு அவளே அங்கிருந்து பெங்காலியில் சொன்னாள். அவன், அது எந்தக் கம்பெனி செல் காக்கு என்று கேட்டான். இவர் சிரித்துவிட்டார். பரணிலிருந்து அந்த ரிசீவர்களை எடுத்துக் காட்டச் சொன்னார். ஒன்றில் உங்கள் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது.

ஆண்களை ஏமாற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அக்கா. நம் பேச்சை ஓட வைத்ததே அந்த வீம்புக்காரர்களில் ஒருவர்தான். இது தெரியாமல் நீங்கள் போய்விட்டீர்களே என்று அன்று முழுதும் ஆற்றாமையாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

திங்கட்கிழமை மீனா நியூ டவுன் வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த வாரம் மூங்கில்காரர்கள் வந்து வழக்கம்போல் முன்பக்க வயரை அறுத்தார்கள். மீனா மாடி ஜன்னலில் நின்று அவர்களுக்கு டாட்டா காட்டினாள். நான் சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் மகளைப் பற்றி ஒரு கோள். இரண்டு படி இறங்கி வந்து கேட்க வேண்டியதை எல்லாம் வீடியோவில் கேட்கிறாள். சொதிக்கு இஞ்சிச் சாறு எப்போது விடவேண்டும் என்று நேற்றுக்கூடக் கேட்டாள். டிரம்முக்கு மேலே சுவரில், என் பழைய பல்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இப்போது இன்டர்நெட் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. எடுக்க ரிசீவரும் கிடையாது. ஆனாலும் அந்த விளக்கு கண்ணில் படும்போதெல்லாம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகிறேன்.